59 நிமிடம்



இந்த வார எபிசோடில் மேப் ஆப்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது, “எனக்கும் இதில ஒரு பழைய பாவக்கணக்கு இருக்கு, நியூஸ்லெட்டரில எழுதுறன்” என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டேன். சொன்னபடி எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பஸ்ஸில் போகும்போது வாசியுங்கள்.

2017-இல் ஒரு பயண வெப்சைட்டுக்கு மூன்று மாதக் கான்ட்ராக்ட்டில் வேலை செய்தேன். பெயர் வேண்டாம். அவர்கள் கேட்டது சின்ன வேலைதான். உலகத்தில் உள்ள எந்த இரண்டு விமான நிலையங்களை எடுத்தாலும், “இங்கேயிருந்து அங்கே எவ்வளவு தூரம், பிளேனில் எத்தனை மணி நேரம்” என்று சொல்ல ஒரு பக்கம் இருக்க வேண்டும். யாராவது தேடினால் அந்தப் பக்கம் மேலே வர வேண்டும். பக்கத்தில் விளம்பரம் ஓடும். அவ்வளவுதான் பிசினஸ்.

ஐயாயிரம் விமான நிலையங்கள் இருந்தால் ஜோடிகள் எத்தனை? 5,000 × 4,999 ÷ 2. கிட்டத்தட்ட பன்னிரண்டரை மில்லியன் பக்கங்கள். கையால் எழுத முடியாது, கோட்தான் எழுதும். அந்தக் கோட்டை நான் மூன்று நாளில் முடித்தேன். மிச்ச நாளெல்லாம் பட்டனின் நிறத்தைப் பற்றி மீட்டிங்.

கணக்கு இப்படி. இரண்டு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து ஹேவர்சைன் சூத்திரத்தில் போட்டால், பூமி உருண்டையின் மேல் மிகக் குறுகிய தூரம் வரும். பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வந்த தூரத்தை மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் 30 நிமிடம் கூட்டினேன். முடிந்தது.

டெஸ்ட் செய்து பார்த்தேனா? பார்த்தேன். ரொறொன்ரோவிலிருந்து வான்கூவர் சுமார் 3,350 கி.மீ.; என் கோட் 4 மணி 41 நிமிடம் என்றது. உண்மையில் ஐந்து மணி நேரத்துக்குக் கிட்ட. பரவாயில்லை. ரொறொன்ரோ–லண்டன் சரியாக வந்தது. லண்டன்–கொழும்பும் சரி. எல்லா டெஸ்டும் பாஸ். வாடிக்கையாளருக்குச் சந்தோஷம். இன்வாய்ஸ் அனுப்பினேன், காசும் வந்தது.

இந்த டெஸ்டுகளில் என்ன பிழை என்று எனக்கு ஐந்து வருஷம் கழித்துத்தான் விளங்கியது.

இக்கலுவிட்டில் ஒரு மதிய சாப்பாடு

2022-இல் வேறொரு வேலையாக இக்கலுவிட்டுக்குப் போனேன். நுனாவுட்டின் தலைநகரம். ஒட்டாவாவிலிருந்து மூன்று மணி நேரம். ஒரு அலுவலகத்துக்கு நெட்வொர்க் மாற்றிக் கொடுக்க இரண்டு வாரம். நுனாவுட்டில் மொத்தம் 25 ஊர்கள். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ரோட் கிடையாது. தெற்கிலிருந்தும் கிடையாது. கோடையில் சாமான் கப்பல் வரும். மற்றபடி எல்லாம் பிளேன்தான்.

அந்த அலுவலகத்தில் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு இனுவிட் பெண்மணி வேலை செய்தார். அவருடைய சொந்த ஊர் கிரைஸ் ஃபியோர்ட். எல்ஸ்மியர் தீவின் தென்கரையில் இருக்கிறது. கனடாவில் பொதுமக்கள் வாழும் ஊர்களில் அதுதான் ஆக வடக்கு. 2021 கணக்கெடுப்பில் 144 பேர். இனுக்டிடூட் மொழியில் அந்த ஊரின் பெயர் அவுசுயிட்டுக். ஒருபோதும் உருகாத இடம் என்று பொருள்.

சாப்பிடும்போது, முந்தி என்ன வேலை செய்தாய் என்று கேட்டார். பெருமையாகப் போனை எடுத்துக் காட்டினேன். “உங்கட ஊரும் இதில இருக்கு” என்ற மாதிரி. அவருடைய ஊருக்குக் கிட்ட உள்ள விமான நிலையம் ரெசலூட் பே. ரெசலூட்–கிரைஸ் ஃபியோர்ட் பக்கத்தைத் திறந்தேன். தூரம் 383 கி.மீ. பறக்கும் நேரம் 59 நிமிடம்.

அவர் சிரித்தார். நன்றாகவே சிரித்தார். பிறகு, “இதை யார் எழுதினது?” என்று கேட்டார்.

“நான்தான்.”

சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்த எண்ணில் என்ன பிழை என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். கோபமாகச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைக்கு ஷூ லேஸ் கட்டக் காட்டுவது மாதிரி.

எண்ணைப் பிரித்துப் பார்ப்போம்

முதலில் தூரம். அதில் பிழை இல்லை. ரெசலூட் வடக்கே 74.7 பாகையில், கிரைஸ் ஃபியோர்ட் 76.4 பாகையில். தீர்க்கரேகையில் இரண்டுக்கும் 12 பாகை வித்தியாசம். பூமத்திய ரேகையில் 12 பாகை என்றால் 1,300 கிலோமீட்டருக்கு மேல். அந்த வடக்கில் ரேகைகள் நெருங்கி வருவதால் அது 335 கி.மீ. அளவுதான். மேப்பில் பார்த்தால் பெரிதாகத் தெரியும், ஆனால் ஹேவர்சைன் ஏமாறாது. 383 சரி.

பிழை 800-இல் இருக்கிறது. அது ஜெட்டின் வேகம். கிரைஸ் ஃபியோர்ட்டின் ஓடுபாதை சரளைக்கல், நீளம் அரைக் கிலோமீட்டர் அளவு, பக்கத்திலேயே மலை. அங்கே ஜெட் இறங்காது. போவது ட்வின் ஒட்டர். இரண்டு புரொப்பெல்லர், ஆகக் கூடினால் 19 சீட். குட்டை ஓடுபாதையில் ஏறி இறங்கவென்றே செய்த பிளேன். ரொறொன்ரோ ஆட்களுக்கு ஒரு செய்தி: இந்த பிளேன் முதன்முதலில் பறந்தது எங்கட டவுன்ஸ்வியூவில், 1965-இல்.

ட்வின் ஒட்டரின் வேகம் மணிக்கு 280 கி.மீ. என்று வைப்போம். 383 ÷ 280. ஒரு மணி 22 நிமிடம். மணிக்கு 60 கி.மீ. எதிர்க்காற்று அடித்தால் 1 மணி 44 நிமிடம். 59 நிமிடத்துக்குக் கிட்டவும் வராது.

அடுத்தது கடிகாரம். ரெசலூட் மத்திய நேரம், கிரைஸ் ஃபியோர்ட் கிழக்கு நேரம். போகும்போது கடிகாரப்படி இரண்டரை மணி நேரம் போன மாதிரி இருக்கும். திரும்பும்போது அரை மணியில் வந்த மாதிரி இருக்கும். உங்களில் நேர வலயங்களோடு மல்லுக்கட்டும் டெவலப்பர்கள் கவனித்திருப்பீர்கள்: டைம்சோன் பட்டியலில் ‘அமெரிக்கா/ரெசலூட்’ என்று தனியாகவே ஒரு வரி இருக்கிறது. அந்தப் பட்டியலைப் பராமரிக்கிறவர்கள் ஒரு சின்ன ஊருக்கும் தனி வரி கொடுத்திருக்கிறார்கள். நான் கொடுக்கவில்லை.

இவையெல்லாம் பிளேன் இருந்தால் வரும் கணக்கு. அங்கே தினமும் பிளேன் கிடையாது, வாரத்தில் சில நாட்கள்தான். அந்த நாளில் காற்றோ மூடுபனியோ சரியில்லை என்றால் இறங்க முடியாது, ரெசலூட்டுக்கே திரும்பி வர வேண்டும். சுற்றிவர முந்நூறு கிலோமீட்டருக்குள் வேறு ஊர் இல்லை. நவம்பர் தொடக்கத்தில் மறையும் சூரியன் பெப்ரவரியில்தான் திரும்பும். “எத்தனை மணி நேரம் எண்டு எங்கட ஊரில ஒருத்தரும் கேக்க மாட்டினம், எந்த நாள் எண்டுதான் கேப்பினம்” என்றார். அவர் சொன்னது இங்கிலீஷில்தான். எனக்குள் அது அம்மம்மாவின் தமிழில் கேட்டது.

அம்மாவின் அப்பொயின்ட்மென்ட்

இதுவரை வெறும் டெக்னிக்கல் பிழை. பக் ஒன்று, திருத்திவிடலாம். பிறகு அவர் தன் அம்மாவின் கதையைச் சொன்னார்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஒட்டாவாவில் ஒரு ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. கிரைஸ் ஃபியோர்ட்டில் இருப்பது ஒரு நர்ஸ் நிலையம். பெரிய வைத்தியத்துக்குத் தெற்கேதான் வர வேண்டும். கிளினிக்கிலிருந்து போன் வந்தது. புதன்கிழமை காலை ஒரு இடம் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை கிளம்பினால் போதும்தானே என்று அந்தப் பக்கத்துக் குரல் கேட்டது. “அவ்வளவு கெதியா வர ஏலாது” என்று மகள் சொன்னார். அதற்கு வந்த பதில்: “நான் பார்த்தேனே, ஐந்து மணி நேரம்தான் பிளேன்.”

கிரைஸ் ஃபியோர்ட்–ஒட்டாவா நேர்கோட்டுத் தூரம் சுமார் 3,475 கி.மீ. என் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 4 மணி 51 நிமிடம். ஐந்து மணி நேரம்தான்.

அப்படி ஒரு பிளேன் உலகத்தில் இல்லை. கிரைஸ் ஃபியோர்ட்டிலிருந்து ரெசலூட், அங்கேயிருந்து இக்கலுவிட், அங்கேயிருந்து ஒட்டாவா. ஒவ்வொன்றுக்கும் தனி நாள், தனி அட்டவணை. அம்மா கிளம்ப வேண்டிய நாளில் காற்று. அடுத்த பிளேன் அந்த வாரக் கடைசியில். புதன்கிழமை போய்விட்டது. ‘வரவில்லை’ என்று அங்கே பதிந்துவிட்டார்கள். அடுத்த இடம் நான்கு மாதம் கழித்துக் கிடைத்தது.

அந்தக் குரல் பார்த்தது என் பக்கத்தைத்தானா? எனக்குத் தெரியாது. இந்த மாதிரி வெப்சைட்கள் நிறைய இருக்கின்றன, எல்லாமே கிட்டத்தட்ட ஒரே சூத்திரம். ஆனால் அன்று அந்த மேசையில் “அது என்னுடையது இல்லை” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மா உண்மையைச் சொன்னார். எதிர்ப்பக்கத்தில் ஒரு ஸ்க்ரீன் இருந்தது. ஸ்க்ரீனில் எண் இருந்தது. எண் வென்றது.

இன்னொன்றும் சொன்னார். 1953-இலும் 1955-இலும் கனடா அரசாங்கம் வட கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்தும் பொண்ட் இன்லெட்டிலிருந்தும் இனுவிட் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி ரெசலூட்டிலும் கிரைஸ் ஃபியோர்ட்டிலும் கொண்டுபோய்விட்டது. இனுக்ஜுவாக்கிலிருந்து சுமார் 2,000 கி.மீ. வடக்கே. பிடிக்காவிட்டால் இரண்டு வருஷத்தில் திரும்பலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை. 2010 ஓகஸ்ட்டில்தான் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. அவருடைய அம்மா அந்தக் கப்பலில் வந்த பிள்ளைகளில் ஒருத்தி. “தூரத்தைப் பற்றித் தெற்கில இருந்து சொல்ற கணக்கை என்ர அம்மா சின்ன வயசிலயே நம்புறதை விட்டிட்டா” என்றார்.

சென்னை–பலாலி, 57 நிமிடம்

ரூமுக்கு வந்து என் பழைய பட்டியலைத் தோண்டினேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ஜோடியைத் தேடினேன்: சென்னை–யாழ்ப்பாணம். பலாலிக்கு ஒரு கோட் இருந்ததால் அதுவும் பட்டியலில் ஏறியிருந்தது. நேர்கோட்டில் 356 கி.மீ. என் சூத்திரம் 57 நிமிடம் என்றது.

2017-இல் அப்படி ஒரு பிளேன் கிடையாது. பலாலியில் சர்வதேச சேவை மறுபடி தொடங்கியதே 2019-இல். அடுத்த வருஷம் கோவிட்டோடு நின்று, 2022 டிசம்பரில்தான் திரும்ப வந்தது. நான் அந்தக் கோட்டை எழுதிய அதே வருஷம், சென்னையில் இருக்கும் என் பெரியம்மா ஊர்த் திருவிழாவுக்குப் போனார். சென்னையிலிருந்து கொழும்பு, அங்கேயிருந்து இரவு பஸ். கால் வீங்கிப்போய் விடியக் காலையில் யாழ்ப்பாணத்தில் இறங்கினதை வாட்ஸ்அப்பில் சொல்லிச் சொல்லி அழுதார். நான் அதைக் கேட்டுக்கொண்டே பக்கத்து விண்டோவில் ‘57 நிமிடம்’ என்று உலகத்துக்கு அறிவிக்கும் கோட்டை எழுதிக்கொண்டிருந்தேன். சொந்தப் பெரியம்மாவின் பாதையைக்கூட நான் டெஸ்ட் பண்ணவில்லை.

அப்போதுதான் விளங்கியது. நான் டெஸ்ட் செய்ததெல்லாம் நான் பறந்த பாதைகள். ரொறொன்ரோ, வான்கூவர், லண்டன், கொழும்பு. ஜெட் போகும், தினமும் போகும், யாரும் தடுக்காத பாதைகள். அந்த 800 என்ற எண் எங்கேயிருந்து வந்தது? என்னுடைய வாழ்க்கையிலிருந்து வந்தது. டீஃபோல்ட் வேல்யூ என்று நாங்கள் எழுதுவது பெரும்பாலும் எங்கட சொந்த வசதிதான். அதை உலகம் முழுக்கப் பொருத்தியதுதான் என் பிழை.

நீங்கள் சொல்லப்போகும் மறுப்புகள்

“அண்ணா, அது வெறும் எஸ்டிமேட்தானே, எல்லாருக்கும் தெரியும்.” எஸ்டிமேட் என்றால் ‘சுமார் ஒரு மணி நேரம்’ என்று எழுதியிருப்பேன். நான் எழுதியது 59. ஒரு நிமிடம் வரை துல்லியமாகச் சொன்னால், யாரோ உட்கார்ந்து அளந்திருக்கிறார்கள் என்றுதான் வாசிக்கிறவர் நினைப்பார்.

“144 பேர் உள்ள ஊருக்காக யார் மினக்கெடுவது?” நியாயமான கேள்விதான், பட்ஜெட் எல்லாருக்கும் உண்டு. மினக்கெட முடியாவிட்டால் அந்தப் பக்கத்தைப் போடாமல் விடலாமே. பக்கம் போட்டு விளம்பரக் காசு எடுக்க அந்த ஊர் வேண்டும், சரிபார்க்க மட்டும் அந்த ஊர் சின்னது என்றால், அது கணக்கில் இடிக்கிறது.

“இப்போ ஏஐ வந்திட்டுது, அது சரியாச் சொல்லும்.” போன மாதம் ஒரு சாட்பாட்டிடம் ரெசலூட்–கிரைஸ் ஃபியோர்ட் கேட்டேன். சுமார் ஒரு மணி நேரம் என்று மிக அன்பாகச் சொன்னது. அது எங்கே படித்தது என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் மில்லியன் கணக்கில் கொட்டிவைத்த பக்கங்களை விட்டால், அந்த ஜோடியைப் பற்றி இணையத்தில் வேறு என்ன பெரிதாக எழுதிக் கிடக்கிறது? மூன்று நாளில் எழுதிய என் கோட், இப்போது நல்ல வசன நடையில் திரும்பி வருகிறது.

அப்போ என்ன செய்வது?

என் கருத்து இதுதான். தெரியாத இடத்தில் எண் போடக்கூடாது. வெற்றாக விட வேண்டும். டேட்டாபேஸில் ‘நல்’ என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தான். நாங்கள்தான் அதை ஒரு வியாதி மாதிரிப் பார்த்து, கண்ட இடத்திலெல்லாம் ஒரு டீஃபோல்ட்டை அடைத்து மூடுகிறோம். டாஷ்போர்ட் அழகாக இருக்கும், மேனேஜர் கேள்வி கேட்க மாட்டார்.

அந்த வேலையை இன்று செய்தால் மூன்று மாற்றம் செய்வேன். நேரடிச் சேவை இருப்பதாக அட்டவணையில் இருந்தால் மட்டும் பறக்கும் நேரம் காட்டுவேன். வேகத்தை அந்தப் பாதையில் போகும் பிளேனின் வகைப்படி எடுப்பேன். இரண்டும் இல்லாத ஜோடிக்குத் தூரத்தை மட்டும் போட்டு, கீழே ஒரு வரி எழுதுவேன்: “நேரடி விமானம் பற்றிய தகவல் எங்களிடம் இல்லை. ஊர் ஆட்களிடம் கேளுங்கள்.” பன்னிரண்டரை மில்லியன் பக்கங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வரியோடுதான் நிற்கும். விளம்பர வருமானம் குறையும். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். சிலவேளை கான்ட்ராக்ட்டும் போகும். அதைத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன்.

இக்கலுவிட்டிலிருந்து திரும்பியதும் அந்தப் பழைய வாடிக்கையாளருக்கு ஒரு நீண்ட மெயில் எழுதினேன். காசு வேண்டாம், நானே திருத்தித் தருகிறேன் என்றேன். நன்றி, இப்போதைக்கு முன்னுரிமை இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. பக்கம் இன்னும் இருக்கிறது. நேற்றும் பார்த்தேன். 59 நிமிடம்.

உங்களில் பலர் இப்போதுதான் முதல் வேலையில், முதல் கோ-ஆப்பில் இருக்கிறீர்கள் என்று எனக்கு வரும் மெயில்களில் தெரிகிறது. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த வாரம் நீங்கள் எழுதிய கோட்டில் ஒரு டீஃபோல்ட் வேல்யூவைத் தேடிப் பிடியுங்கள். அது யாருடைய வாழ்க்கையிலிருந்து வந்தது என்று பாருங்கள். பிறகு, உங்களுக்குத் தெரியாத ஒரு ஊரை வைத்து அதை டெஸ்ட் பண்ணுங்கள். என்ன கண்டுபிடித்தீர்கள் என்று இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள். நல்லதுகளை அடுத்த எபிசோடில் வாசிக்கிறோம். பெயர் போட வேண்டாம் என்றால் சொல்லுங்கள், போட மாட்டோம்.

அந்த அம்மா நான்கு மாதம் கழித்து ஒட்டாவாவுக்கு வந்து ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்த்தார். ஐந்து நாள் முன்னதாகவே கிளம்பியிருந்தார்.

அடுத்த வாரம் சந்திப்போம்.